கீழே குளிராத பிரிட்ஜும் நுரைத்துப்போன மீன் குழம்பும்

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "இரண்டு கதவு பிரிட்ஜ், வாங்கி ஒன்பது வருடம். மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழே தண்ணீர் பாட்டில்கூடச் சரியாகக் குளிர்வதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்த மீன் குழம்பை ஆறவிட்டு, இரவு பதினொரு மணிக்குச் சட்டியோடு உள்ளே வைத்தேன். ஞாயிறு மதியம் திறந்தால் நுரைத்துக் கிடக்கிறது. மின்சார பில்லும் ஏறிவிட்டது. மேலே இருக்கும் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியும் பயனில்லை. புதிது வாங்கிவிடலாமா அண்ணே?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு சிக்கல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. குழம்பு கெட்டதில் பாதிதான் பிரிட்ஜின் குற்றம். மீதிப் பாதி அந்தச் சட்டி உள்ளே போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாகக் கோலாலம்பூரில் ஏர்கோனும் பிரிட்ஜும் பிரித்து மாட்டுகிறேன். "கீழே குளிரவில்லை" என்று கூப்பிடுகிற வீடுகளில் கம்ப்ரசர் செத்துக் கிடந்தது குறைவு. காற்று அடைபட்டுக் கிடந்ததுதான் அதிகம்.

காற்று என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி உங்கள் சமையலறையில் கொட்டுகிறது, அவ்வளவுதான். குழாய்க்குள் ஓடும் கேஸ் உள்ளே ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்குத் தள்ளும்போது அந்தச் சூட்டை விட்டுவிடும். உங்களுடையதைப் போன்ற, தானாக ஐஸ் உருக்கிக்கொள்ளும் இரண்டு கதவுப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குளிர்ச் சுருள் ஒன்றே ஒன்றுதான். அது மேல் அறையின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன விசிறி. அது ஊதும் குளிர்காற்றில் பெரும்பகுதி மேலேயே சுற்றும், ஒரு பங்கு மட்டும் பின்பக்க வழியாகக் கீழே இறங்கும். கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர் கிடையாது. மேல்வீட்டுக்காரர் மிச்சம் விடும் தண்ணீரை நம்பிக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரர் மாதிரிதான் அதன் நிலைமை.

அதனால் முதலில் மேல் கதவைத் திறந்து பாருங்கள். பின்சுவரில் ஜன்னல் கம்பி போல வரி வரியாகத் துளைகள் தெரியும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் துளைகளை ஒட்டித்தான் கோழிப் பொட்டலம், இறால் பொட்டலம், போன தீபாவளிக்கு வாங்கிய ஆட்டுக்கறி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். காற்று எங்கே போகும்? சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி அடுக்குங்கள். கீழ் அறையிலும் பின்சுவரில் மேல்பக்கமாகத் துளைகள் இருக்கும், அங்கே பால் பெட்டியோ சட்டியோ முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மேல் அறை நிறைந்திருப்பது நல்லது, உறைந்த சாமான் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழ் அறை அப்படியில்லை, அங்கே இடைவெளி வேண்டும்.

அடுத்து அந்தக் குமிழ். அதில் இருக்கும் எண் டிகிரி இல்லை. எண் ஏற ஏறக் குளிர் கூடும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு குமிழ் உள்ள பல மாடல்களில் ஒன்றுதான் நிஜமான தெர்மோஸ்டாட், அதாவது குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்துவது. மேலே இருக்கும் குமிழ் காற்று வழியில் இருக்கும் ஒரு சின்ன மடிப்பலகையை நகர்த்துவதோடு சரி. அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் மேலே நிற்கும் காற்று கூடும், கீழே இறங்கும் காற்று குறையும். கீழே இருக்கும் தெர்மோஸ்டாட்டோ "இன்னும் குளிரவில்லை, இன்னும் குளிரவில்லை" என்று கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். மேலே கல்லாகிறது, கீழே வெதுவெதுப்பு, பில் ஏறுகிறது: நீங்கள் எழுதிய மூன்றும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள். இரண்டு குமிழையும் நடுவில் வையுங்கள்.

வைத்துவிட்டு ஒரு பிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்குங்கள். வன்பொருள் கடையில், இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும். கையை உள்ளே விட்டு "ஜில்லென்றுதான் இருக்கிறது" என்று பார்ப்பது கணக்கில் சேராது, 10 டிகிரியும் கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் எண் ஆடும், தண்ணீரில் இருந்தால் சாப்பாட்டின் உண்மையான சூடு தெரியும். காலையில் 4 டிகிரியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தால் சரி. மேல் அறைக்கு மைனஸ் 18. குமிழை நகர்த்தினால் மறுநாள்தான் மறுபடி பாருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திருப்பி விளையாட வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் கீழே 9, 10 என்றே நின்றால், மேல் அறைப் பின்சுவருக்குப் பின்னால் சுருள் முழுக்க ஐஸ் கட்டி மூடியிருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய்ச் சுருளில் பனியாகப் படியும். அதை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டரும், அதைக் கட்டுப்படுத்த டைமரோ சென்சாரோ உள்ளே இருக்கிறது. அதில் ஒன்று பழுதானால் பனி சேர்ந்துகொண்டே போய்க் காற்று வழியை அடைத்துவிடும். சோதிக்க வழி இருக்கிறது. சாமானை ஐஸ் போட்ட தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு, ஒரு முழு நாள் விடுங்கள். மறுபடி ஓடவிட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி ஆனால், உருக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. அது சின்ன சாமான். அதற்காகப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

கத்தியை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு கதவுப் பழைய பெட்டியில் ஐஸைக் குத்தி எடுக்கப்போய்ச் சுருளைக் குத்திக்கொண்ட வீடுகளை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. ஒரு "புஸ்" சத்தம், அதோடு கதை முடிந்தது. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் என்ற கேஸ். எரியக்கூடியது. உள்ளே இருப்பது கொஞ்சம்தான், ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

வெளிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். புது மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியாது, சூட்டை விடும் குழாயைப் பக்கச் சுவருக்குள் பதித்திருப்பார்கள். பக்கத்தில் கை வைத்தால் சுடுவது கோளாறு இல்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம்மவர்களோ பூப்போட்ட துணி உறை தைத்து இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு, அதற்குள் பழைய பில்லும் நாட்காட்டியும் செருகி வைக்கிறோம். போர்வையைப் போர்த்திக்கொண்டு வியர்வையை ஆற்ற முடியுமா? உறையைக் கழற்றுங்கள். பக்கத்திலும் பின்னாலும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் இடமாவது விடுங்கள், கையேட்டில் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதன்படி. அடுப்புக்கு அருகே, மாலை வெயில் விழும் இடத்தில் நிற்கிறது என்றால் முடிந்தால் நகர்த்துங்கள்.

கதவு ரப்பருக்கு ஒரு ரிங்கிட் நோட்டு போதும். நோட்டைப் பாதி வெளியே தெரிய வைத்துக் கதவைச் சாத்தி மெதுவாக இழுங்கள். நோட்டு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. நான்கு பக்கமும் சோதியுங்கள். பல நேரம் ரப்பர் கெட்டிருக்காது, மடிப்பில் எண்ணெயும் கறுப்புப் பூஞ்சையும்தான் ஏறியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். காய்கறி டிராயர் அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களுடையதைப் போன்ற பெட்டியில் அது மேல் அறைச் சுருளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். துளை வெளியே தெரியும் மாடல் என்றால் ஊசியில்லா சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் அடியுங்கள்.

அந்தத் துளை எங்கே போகிறது தெரியுமா? பின்னால், கம்ப்ரசருக்கு மேல் இருக்கும் ஒரு தட்டுக்கு. கம்ப்ரசர் சூட்டில் அந்தத் தண்ணீர் வற்ற வேண்டும். நம் ஈரக் காற்றில் பல நேரம் முழுக்க வற்றாது. சுகாதார அதிகாரிகள் டெங்கிச் சோதனைக்கு வீட்டுக்கு வந்தால் பூந்தொட்டித் தட்டோடு பிரிட்ஜ் தட்டையும் எட்டிப் பார்ப்பது இதனால்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி அபராதமும் உண்டு. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்துவிடுங்கள். கழற்ற வராத தட்டு என்றால் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

இனிக் குழம்புக்கு வருகிறேன். ஆறு மணிக்கு இறக்கி, பதினொன்றுக்கு உள்ளே வைத்தீர்கள். ஐந்து மணி நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி செழித்து வளரும், நம் சமையலறை இரவிலும் 28, 30. சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. "சூடாக வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும்" என்று நம் அம்மாக்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொதிக்கிற பானை பக்கத்தில் இருக்கும் பாலையும் சூடாக்கும், கம்ப்ரசரும் திணறும். அதற்காக முழுக்க ஆறும்வரை காத்திருந்தால் குழம்புதான் கெடும்.

பெரிய சட்டி தானாக ஆறாது, உள்ளே வைத்தாலும் ஆறாது. ஒருமுறை என் மனைவி நாலு லிட்டர் சாம்பார் பானையை வெதுவெதுப்பாகவே உள்ளே வைத்துவிட்டார். எனக்குத் தொழில் புத்தி, நாலு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை நடுவில் நுழைத்தேன்: 27 டிகிரி. மேலே தொட்டால் சில்லென்று இருந்தது. நடுவில் கிருமிக்குக் கல்யாண விருந்து. இப்போது எங்கள் வீட்டில், இறக்கியதும் மறுநாளைக்கு வேண்டியதை முதலில் எடுத்து அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிவிடுவோம். தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு டப்பாவை அரை மணி நேரம் மிதக்கவிட்டால் உள்ளே வைக்கும் பதத்துக்கு வந்துவிடும். சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை வைக்கும் பழக்கத்தை, சாப்பிடும் முன் பங்கு பிரிக்கும் பழக்கமாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. தேங்காய்ப்பால் சேர்த்தது என்றால் இன்னும் அவசரம்.

மறுபடி கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து, சோறு வேகும் கொதியையும் தாங்கும். சோறு வெளியே கிடந்தால் முளைத்து விஷத்தைச் சுரக்கும், அதில் வாந்தி வரவைக்கும் வகை திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சோற்றைச் சீக்கிரம் உள்ளே வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். மீனிலும் இப்படி ஒன்று உண்டு. கெம்போங், தெங்கிரி, சூரை வகைகளைக் குளிரில்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். குழம்பில் கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, எரிந்து, தலை வலிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுவோம், ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, சௌகிட் சந்தையிலிருந்து வீடு வரும்வரை காரில் கிடந்த நேரம். மீனைக் கடைசியாக வாங்குங்கள், ஐஸ் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை மீன், கோழி கீழ் அறையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கீழ்த்தட்டில், தட்டத்தின் மேல், மூடி வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் தயிரில் விழும். சமைத்த குழம்பு மூன்று, நான்கு நாள். உறைய வைப்பது கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். அதனால் உறைந்த கோழியைக் காலையில் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். மேலே எத்தனை மாதம் இருந்தாலும் ஆபத்து இல்லை, சுவைதான் போகும். எண்ணெய்ச் சத்துள்ள கெம்போங் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்.

கதவுத் தட்டுதான் உள்ளேயே சூடான இடம். ஊறுகாய், சாஸ், கிச்சாப் அங்கே, பால் நடுத்தட்டில். உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழைப்பழம் உள்ளே வேண்டாம். இட்லி மாவு டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலி விடுங்கள், குளிரிலும் மெதுவாகப் பொங்கும்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் இது முக்கியம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவிலும் வேண்டாம், குளிர்காற்று நேராக அடிக்கும் பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டில் சின்ன டப்பாவில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். கீழ் அறை சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த மேல் அறை 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. இடி இடித்து மெயின் சுவிட்ச் விழுவது நம் ஊரில் சகஜம். ஊருக்குப் போயிருக்கும்போது விழுந்து, அண்டை வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்துத் தூக்கிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு 20 சென் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி, அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கறியைக் கொட்டிவிடுங்கள். பிளக் நேராகச் சுவர் சாக்கெட்டில் இருக்கட்டும், நீட்டிப்பு வயரில் கெட்டிலோடும் ரைஸ் குக்கரோடும் பங்கு போட வேண்டாம்.

பில்லைப் பற்றி: கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 300 என்று இருந்தால் மாதம் 25. உங்கள் பில் ஏறியதை அதோடு ஒப்பிடுங்கள், பாதி நேரம் குற்றவாளி ஏர்கோனாக இருக்கும். புதிது வாங்கும் நாள் வந்தால் நட்சத்திரத்தோடு லிட்டரையும் பாருங்கள், ஐந்து நட்சத்திரப் பெரிய பெட்டி நான்கு நட்சத்திரச் சின்னப் பெட்டியைவிட அதிகம் இழுக்கலாம். உள் சுவரில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகை போட்டிருப்பார்கள். ஆங்கில 'T' எழுத்து இருந்தால் 43 டிகிரி வரை தாங்கும் வெப்பமண்டலப் பெட்டி. வெறும் 'N' என்றால் 32 வரைதான்.

கடைசியில் ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால் "பிரிட்ஜ் குளிரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மேலே இத்தனை டிகிரி, கீழே இத்தனை, ஐஸ் உருக்கிப் பார்த்தேன், இத்தனை நாள் நன்றாக இருந்தது, மேல் கதவைத் திறந்து அங்கே இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விசிறிச் சத்தம் கேட்கிறது அல்லது கேட்கவில்லை, இப்படிச் சொல்லுங்கள். வந்தவர் எதையும் திறக்காமல் "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றிவிடலாம்" என்றால் எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். மூடி ஒட்டிய குழாயில் இருக்கும் கேஸ் கார் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது. ஓட்டையைக் காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். தெர்மாமீட்டர் எண்ணை நாளை மறுநாள் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.